குறைமாதக் குழந்தைக்கு டயப்பர் மாற்றுவதும் ஸ்ட்ரெஸ்ஸா? என்.ஐ.சி.யு-வில் அம்மாவின் கைகள் ஏன் தேவை?

இரவு 3 மணி. ஏதோ ஒரு மாவட்ட மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் சிறப்புப் பிரிவு. 30 வாரத்தில் பிறந்த, 1,200 கிராம் எடையுள்ள குழந்தை ஒன்று வார்மரில் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டயப்பர் மாற்றும் நேரம். செவிலியர் வேகமாக வருகிறார். இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கி, ஈரப் பஞ்சால் துடைத்து, புது டயப்பரை மாட்டிவிட்டு அடுத்த குழந்தையிடம் போகிறார். மொத்தம் 1 நிமிடம்கூட ஆகவில்லை.

ஆனால் மானிட்டரில் 94 என்றிருந்த ஆக்சிஜன் அளவு 82-க்கு இறங்குகிறது. அலாரம் அடிக்கிறது. குழந்தையின் விரல்கள் விரிந்து விறைக்கின்றன. அது அழவில்லை. அழுவதற்குத் தெம்பு இல்லை.

இதில் யாரும் அலட்சியமாக நடந்துகொள்ளவில்லை. தினமும் பல முறை நடக்கும் சாதாரண வேலைதான். ஆனா, அந்தச் சாதாரண வேலையே இந்தக் குழந்தைக்குச் சாதாரணம் இல்லை.

அதே டயப்பரை வேறு மாதிரி மாற்ற முடியுமா? முடியும். அதற்குப் புது மெஷின் எதுவும் வேண்டாம். கூடுதலாக இரண்டு கைகள் வேண்டும். நம் நாட்டில் பல மருத்துவமனைகளில் அந்த இரண்டு கைகள் கதவுக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கின்றன.

எத்தனை குழந்தைகளின் பிரச்னை இது?

கர்ப்பத்தின் 37 வாரம் முடிவதற்குள் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். உலக சுகாதார அமைப்பு பங்கேற்ற மதிப்பீட்டின்படி, 2020-ல் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. அதில் சுமார் 30 லட்சம் இந்தியாவில். உலகின் குறைமாதக் குழந்தைகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் நம் நாட்டில்தான் பிறக்கின்றன.

இவர்கள் எல்லோருக்கும் தீவிர சிகிச்சை தேவைப்படாது. தேவைப்படுபவர்களுக்காகப் பெரிய மருத்துவமனைகளில் என்.ஐ.சி.யு-வும், மாவட்ட மருத்துவமனைகளில் எஸ்.என்.சி.யு எனப்படும் சிறப்புப் பிரிவுகளும் இருக்கின்றன. மேற்கு வங்கத்தின் புருலியாவில் 2003-ல் மாவட்ட அளவில் தொடங்கிய முயற்சி முன்மாதிரியாகி, இன்று எஸ்.என்.சி.யு நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. குழந்தையைப் பிழைக்க வைப்பது முதல் வேலை. பிழைத்த குழந்தை அங்கே கழிக்கும் நாட்கள் எப்படி இருக்கின்றன என்பது இரண்டாவது கேள்வி. இரண்டும் தனித்தனி இல்லை என்பதுதான் கடந்த 40 ஆண்டு ஆய்வுகள் சொல்லும் பாடம்.

பிறந்த குழந்தைக்கு என்ன ஸ்ட்ரெஸ்?

நம்மைப் போலக் கவலைப்படுவது இல்லை. உடலால் சமாளிக்க முடியாத அளவுக்கு வெளியிலிருந்து தூண்டுதல்கள் வருவதையே இங்கே ஸ்ட்ரெஸ் என்கிறார்கள்.

கருப்பையில் இருட்டு. எப்போதும் ஒரே சூடு. கை கால்களை எந்தப் பக்கம் நீட்டினாலும் ஒரு சுவர் மெதுவாகத் தாங்கிக்கொள்ளும். 30 வாரத்தில் வெளியே வந்த குழந்தைக்கு இது எதுவும் இல்லை. கையை நீட்டினால் வெறும் காற்று. ஏறத்தாழ 30 வாரம் வரை, வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்கும் அனிச்சைச் செயல்கூட முழுதாக வந்திருக்காது. இமையோ மிக மெல்லியது. தலைக்கு மேல் எரியும் விளக்கிலிருந்து அதனால் தப்பிக்க முடியாது.

நரம்பு மண்டலத்திலும் ஒரு சிக்கல் உண்டு. வலியை மூளைக்குக் கொண்டு செல்லும் பாதைகள் முன்னதாகவே வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. அந்த வலியை மட்டுப்படுத்தும் பாதைகள் பிறகுதான் முதிர்கின்றன. அதனால் வலி நம்மைவிடக் கூடுதலாகவே தெரிய வாய்ப்பு இருக்கிறது. ஒருமுறை ஊசி குத்தி எழுப்பிய குழந்தைக்கு, சிறிது நேரம் கழித்துச் செய்யும் சாதாரணத் தொடுதல்கூட வலியைப் போலவே படலாம்.

மிகவும் முன்கூட்டியே பிறந்த குழந்தைகளின் மூளையில் உள்ள சில ரத்த நாளங்கள் மிகவும் பலவீனமானவை. ரத்த அழுத்தம் சட்டென்று ஏறி இறங்கினால் மூளைக்குள் ரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து உண்டு. முதல் 3 நாட்களில் இந்த ஆபத்து அதிகம். அந்த நாட்களில் "முடிந்தவரை தொடாமல் இருங்கள்" என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

'குழந்தைக்கு வலி தெரியாது' என்று நம்பிய காலம்

1980-கள் வரை பச்சிளம் குழந்தைக்கு வலி தெரியாது, தெரிந்தாலும் நினைவில் நிற்காது என்ற நம்பிக்கை மருத்துவ உலகில் பரவலாக இருந்தது. வலி நிவாரணி கொடுத்தால் மூச்சு நின்றுவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. அசையாமல் இருக்க மட்டும் மருந்து கொடுத்துவிட்டு அறுவை சிகிச்சை செய்த சம்பவங்கள் உண்டு.

அதை மாற்றியதில் முக்கியமானவர் ஓர் இந்தியர். இந்தூரில் மருத்துவம் படித்து, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு சென்ற கன்வல்ஜீத் சிங் ஆனந்த். இதயத்தின் அருகே மூடாமல் இருக்கும் ரத்தக் குழாயை மூட அறுவை சிகிச்சை செய்யப்பட்ட குறைமாதக் குழந்தைகளை அவரது குழு இரண்டு பிரிவாகப் பிரித்து ஒப்பிட்டது. வழக்கமான மருந்துகளோடு ஃபென்டானில் என்ற வலி நிவாரணியும் பெற்ற குழந்தைகளின் உடலில் ஸ்ட்ரெஸ் ஹார்மோன்கள் குறைவாகச் சுரந்தன. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல்களும் குறைவு. 1987-ல் 'லான்செட்' இதழில் இந்த முடிவு வெளியானது. அதன் பிறகு 'வலி தெரியாது' என்ற வாதம் நிற்கவில்லை.

பெரிய அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து வந்துவிட்டது. ஆனால் சின்னச் சின்ன வேலைகள்?

ஒரு நாளில் எத்தனை முறை?

பாரிஸ் வட்டாரத்தின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 430 பச்சிளம் குழந்தைகளை முதல் 14 நாட்கள் கவனித்த ஓர் ஆய்வு 2008-ல் 'ஜாமா' இதழில் வெளியானது. வலி தருபவை, ஸ்ட்ரெஸ் தருபவை இரண்டையும் சேர்த்து ஒரு குழந்தைக்கு நாள் ஒன்றுக்குச் சராசரியாக 16 முறை ஏதாவது செய்யப்பட்டது. அதில் 10 வலி தருபவை. வலி தரும் செயல்களில் கிட்டத்தட்ட 79 சதவீதம், அதற்கென்று தனியாக எந்த வலி நிவாரணமும் இல்லாமல் நடந்தன.

அந்தப் பட்டியலில் அடிக்கடி வந்தவை மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் சளி உறிஞ்சுவது, குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பது, தோலில் ஒட்டிய பிளாஸ்திரியை உரிப்பது. நாம் ஒரு சிகிச்சையாகவே கணக்கில் எடுக்காத வேலைகள்.

குறைமாதக் குழந்தைகளைப் பின்தொடர்ந்த சில ஆய்வுகளில், தொடக்க நாட்களில் இத்தகைய செயல்களை அதிகம் எதிர்கொண்ட குழந்தைகளின் மூளை வளர்ச்சியில் வேறுபாடுகள் தெரிந்தன. அதிகம் குத்தப்படும் குழந்தை பெரும்பாலும் அதிகம் நோயுற்ற குழந்தையும்கூட. அதனால் வலி ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தவிர்க்கக்கூடிய வலியைத் தவிர்ப்பதற்கு அந்த அளவு நிரூபணத்துக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

பேச முடியாத குழந்தை எப்படிச் சொல்கிறது?

பாஸ்டனில் பணியாற்றிய உளவியலாளர் ஹைடலீஸ் ஆல்ஸ் 1980-களில் ஒரு முறையை வகுத்தார். குழந்தையை முதலில் கவனி, பிறகு தொடு என்பதே அதன் சாரம். குறைமாதக் குழந்தை உடலால் பேசுகிறது.

'போதும், நிறுத்துங்க' என்பதற்கான அடையாளங்கள்:

• விரல்களை அகல விரிப்பது, கையைத் தூக்கி முகத்துக்கு முன் மறைப்பது போல வைப்பது
• முதுகை வில்லாக வளைப்பது, அல்லது உடல் முழுவதும் தொய்ந்துபோவது
• நெற்றி சுருங்குவது, கண்ணை இறுக மூடுவது
• தோல் வெளிறுவது, திட்டுத் திட்டாகச் சிவப்பது, நீலம் பாய்வது
• அடுத்தடுத்து விக்கல், தும்மல், கொட்டாவி
• மூச்சு சீரற்றுப் போவது, சில நொடிகள் நிற்பது

கொட்டாவி விட்டால் தூக்கம் வருகிறது என்றுதான் நினைப்போம். ஒரு வேலைக்கு நடுவே குறைமாதக் குழந்தை கொட்டாவி விட்டால், அது களைப்பின் முறையீடாகவும் இருக்கலாம்.

'நான் நல்லா இருக்கேன்' என்பதற்கும் அடையாளம் உண்டு. கையை வாய்க்குக் கொண்டு போவது, கை கால்களை மடக்கி வைத்திருப்பது, தளர்ந்த முகம், சீரான மூச்சு.

அன்றாட வேலைகளில் என்ன மாற்றலாம்?

தொடுவதற்கு முன்: மெதுவாகக் குரல் கொடுத்துவிட்டு, சூடான கையைக் குழந்தையின் தலையிலும் பாதத்திலும் சில நொடி அசைக்காமல் வைக்க வேண்டும். தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுவது குறையும். ஆழ்ந்து தூங்கும் குழந்தையின் வேலையைச் சற்றுத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடலாம். மூளை வளர்வதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

டயப்பர்: கால்களைச் சேர்த்து உயரத் தூக்கும்போது கீழ் உடலின் ரத்தம் தலைப் பக்கம் பாயும். அதைவிட, குழந்தையை மெதுவாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்கள் மடங்கிய நிலையிலேயே டயப்பரை மாற்றுவது நல்லது. ஒருவர் மாற்றும்போது இன்னொருவர் தலையையும் கைகளையும் தாங்கிப் பிடித்திருந்தால் ஆக்சிஜன் அளவு இறங்குவது குறையும்.

எடை பார்ப்பது: வெற்றுடம்போடு சில்லென்ற தராசில் போட்டால் கை கால்களை உதறும். துணியில் சுற்றியபடியே எடை பார்த்து, துணியின் எடையைக் கழித்துக்கொள்ளலாம்.

பிளாஸ்திரி: குறைமாதக் குழந்தையின் தோல் காகிதம் போன்றது. வெடுக்கென இழுத்தால் மேல்தோல் சேர்ந்து வரும். ஈரப்படுத்தி, தோலை ஒரு விரலால் அழுத்திப் பிடித்து, தோலோடு படிந்தபடி மெதுவாக உரிக்க வேண்டும்.

சளி உறிஞ்சுவது: 2 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கடிகாரம் பார்த்துச் செய்யாமல், தேவை தெரிந்தால் மட்டும் செய்வது.

ரத்தம் எடுப்பது: முதல் கேள்வி, இந்தப் பரிசோதனை இன்று அவசியமா? இரண்டு பரிசோதனைகளுக்கு ஒரே குத்தலில் ரத்தம் எடுக்க முடியுமா? எடுத்தே ஆக வேண்டும் என்றால், குழந்தையின் கை கால்களை மடக்கி, உடலோடு சேர்த்து அணைத்துப் பிடிப்பது, தாயின் வெறும் மார்பில் படுக்கவைத்து எடுப்பது, உறிஞ்சிக் குடிக்கும் பக்குவம் வந்த குழந்தையைத் தாய்ப்பால் குடிக்கவிட்டபடி எடுப்பது ஆகியவை வலியைக் குறைக்கின்றன.

குத்துவதற்கு 2 நிமிடம் முன்பு நாக்கில் சில துளி சர்க்கரைக் கரைசல் விடும் வழக்கமும் உண்டு. குழந்தை அழுவதும் முகம் சுளிப்பதும் இதனால் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டின. ஆனால் முகத்தில் வலி தெரியாவிட்டாலும், வலிக்கு மூளை காட்டும் எதிர்வினை குறையவில்லை என்று 2010-ல் 'லான்செட்' இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு சொன்னது. அதனால் சர்க்கரைத் துளியை விட்டுவிட்டோம், வேலை முடிந்தது என்று இருக்க முடியாது. அணைத்துப் பிடிக்கும் கையும் வேண்டும். இந்தக் கரைசலை மருத்துவர் சொல்லும் அளவில், மருத்துவமனையில் மட்டுமே கொடுக்க வேண்டும். வீட்டில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கொடுக்கவே கூடாது.

வேலைகளைச் சேர்த்துச் செய்வது: ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக எழுப்பாமல் ஒரே நேரத்தில் முடித்தால் தூக்கம் மிஞ்சும். ஆனா இதிலும் அளவு உண்டு. டயப்பர், வெப்பநிலை, ஊசி, ட்யூப் என எல்லாவற்றையும் இடைவெளி இல்லாமல் அடுக்கினால் குழந்தை துவண்டுவிடும். மேலே சொன்ன அடையாளங்கள் தெரிந்தால் நிறுத்தி, மூச்சு சீராகும் வரை கையை வைத்துக் காத்திருந்து, பிறகு தொடர வேண்டும்.

சத்தமும் வெளிச்சமும்: பச்சிளம் குழந்தைகள் பிரிவில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டுவது கவலைக்குரியது என்கிறது அமெரிக்கக் குழந்தைகள் நல அகாடமி. நாம் சாதாரணமாகப் பேசுவதே சுமார் 60 டெசிபல். இந்தியாவின் எஸ்.என்.சி.யு-க்களில் பெரும்பாலும் இருப்பது மூடிய இன்குபேட்டர் இல்லை, திறந்த வார்மர். அறையின் சத்தமும் வெளிச்சமும் நேராகக் குழந்தைக்கே போகும். அலாரம் அடித்தவுடன் அணைப்பது, செல்போனைச் சைலண்டில் போடுவது, வார்மரின் மேல் ஃபைலையும் பாட்டிலையும் 'டக்' என்று வைக்காமல் இருப்பது, இரவில் விளக்கைக் குறைப்பது. இதுக்கெல்லாம் பட்ஜெட் தேவையில்லை.

கூடு: மெல்லிய துணியைச் சுருட்டி, குழந்தையைச் சுற்றிக் கூடு போல வைத்தால் கை கால்கள் மடங்கி நிற்கும். நீட்டினால் தாங்கிக்கொள்ள ஒரு சுவர் கிடைக்கும். மானிட்டர் கண்காணிப்பில் இருக்கும்போது மட்டும்தான் இது.

அப்போ, அம்மா எங்கே?

மேலே உள்ளவற்றை மீண்டும் பாருங்கள். 'இன்னொருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும்', 'கையை வைத்துக் காத்திருக்க வேண்டும்'. ஒரே ஷிஃப்டில் பல குழந்தைகளைக் கவனிக்கும் செவிலியருக்கு அந்த இரண்டாவது ஆள் எங்கிருந்து வருவார்? அக்கறை இல்லாமல் அவர் அவசரப்படுவதில்லை. பக்கத்து வார்மரில் இன்னொரு அலாரம் அடித்துக்கொண்டிருக்கிறது.

"உள்ளே வராதீங்கம்மா, இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்" என்று சொல்லித்தான் பல இடங்களில் தாயை வெளியே உட்காரவைக்கிறார்கள். இந்தப் பயம் நியாயமானதா?

1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டரும் ஆட்களும் போதாத ஒரு மருத்துவமனையில், மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். அதுதான் கங்காரு பராமரிப்பு. பல காலம் இது உடல்நிலை சீரான குழந்தைக்கு மட்டும் என்றே இருந்தது.

அதைச் சோதித்தது உலக சுகாதார அமைப்பு ஒருங்கிணைத்த ஓர் ஆய்வு. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய 5 நாடுகளின் மருத்துவமனைகளில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள் இதில் இடம்பெற்றனர். இந்தியாவின் மையம் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. சீராகும் வரை காத்திருக்காமல், பிறந்தவுடனேயே தாயின் மார்பில் வைத்த குழந்தைகளில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். வழக்கமான முறையில் 15.7 சதவீதம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. 2021-ல் முடிவுகள் வெளியாகின.

இதற்காக அந்த மருத்துவமனைகளில் தாயின் கட்டிலும் குழந்தையின் சிகிச்சையும் ஒரே அறைக்குள் வந்தன. 'தாய்-என்.ஐ.சி.யு' என்று பெயர். தாய் உள்ளே இருந்ததால் கிருமித்தொற்று கூடவில்லை. சந்தேகத்துக்குரிய தொற்று அந்தப் பிரிவில் குறைவாகவே இருந்தது.

டெல்லியிலேயே ராம் மனோகர் லோகியா மருத்துவமனை, பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்து, உள்ளே வந்து குழந்தையைப் பராமரிக்கவைக்கும் முறையைச் செய்து காட்டியது. அங்கு நடந்த ஆய்விலும் தொற்று அதிகரிக்கவில்லை, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடியது. இந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக, மத்திய சுகாதார அமைச்சகம் 2017-ல் 'குடும்பப் பங்கேற்புப் பராமரிப்பு' வழிகாட்டுதலை வெளியிட்டது. 2022-ல் உலக சுகாதார அமைப்பும், கங்காரு பராமரிப்பைப் பிறந்தவுடன் தொடங்கி நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது.

ஆக, விதி ஏற்கெனவே கதவைத் திறந்துவிட்டது. நடைமுறையில் பல இடங்களில் கதவு இன்னும் மூடியே இருக்கிறது. உள்ளே நாற்காலி போட இடம் இல்லை, பிரசவம் முடிந்த தாய்க்குப் படுக்கையும் கழிப்பறையும் இல்லை, பயிற்சி கொடுக்க ஆள் இல்லை. இவை உண்மையான தடைகள்தான். ஆனால் அவற்றின் பெயர் இன்ஃபெக்‌ஷன் அல்ல.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

உங்கள் குழந்தை என்.ஐ.சி.யு-வில் இருந்தால், சண்டை போடாமல் கேட்கக்கூடிய கேள்விகள் இவை:

• "கை கழுவிட்டு நாங்க எப்போ உள்ளே வரலாம், சிஸ்டர்? எவ்வளவு நேரம் இருக்கலாம்?"
• "கங்காரு முறை எப்போ ஆரம்பிக்கலாம்? அப்பாவும் செய்யலாமா?" (தாராளமாகச் செய்யலாம்.)
• "ரத்தம் எடுக்கும்போது நான் பிடிச்சுக்கலாமா?"
• "டயப்பர் மாத்த எனக்குக் கத்துக்கொடுப்பீங்களா?"

உள்ளே போனதும் முதலில் தடவிக் கொடுக்கத்தான் கை வரும். சின்னக் குறைமாதக் குழந்தைக்கு அந்தத் தடவலே அதிகமாகப் படலாம். ஒரு கையைத் தலையிலும் இன்னொரு கையைப் பாதத்திலும் வைத்து, அசைக்காமல் அப்படியே இருங்கள். எடுக்கும்போதும் ஒவ்வொரு கையாக, மெதுவாக. பேசுவதானால் தாழ்ந்த குரலில். ஒரே நேரத்தில் தொடுவது, பேசுவது, ஆட்டுவது மூன்றும் வேண்டாம்.

தொடாதீர்கள் என்று மருத்துவர் சொல்லும் நாட்களும் இருக்கும், குறிப்பாக முதல் 3 நாட்களில். அப்போது ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பதற்கு மட்டுமாவது அனுமதி கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு?

மருத்துவமனையில் வைத்த துணிக்கூட்டை வீட்டில் வைக்கக் கூடாது. அங்கே மானிட்டர் இருந்தது, இங்கே இல்லை. தலையணை, சுருட்டிய துணி எதுவும் இல்லாமல், சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, மூக்கை நீவுவது, சளியை ஊதி எடுப்பது போன்றவை வேண்டாம். எப்போது குளிப்பாட்டலாம் என்று மருத்துவர் சொல்வார். பார்க்க வருபவர்கள் கைமாற்றிக் கைமாற்றித் தூக்குவதையும் சில வாரங்கள் தள்ளிப்போடுங்கள். கங்காரு பராமரிப்பை வீட்டிலும் தொடரலாம்.

இனி, முதலில் பார்த்த அந்த இரவு 3 மணிக்குத் திரும்புவோம். அதே வார்மர், அதே செவிலியர், அதே 1,200 கிராம் குழந்தை. இந்த முறை கதவு திறந்திருக்கிறது. அம்மா கை கழுவிவிட்டு வந்து, தலையிலும் மடங்கிய கைகளிலும் தன் கையை வைத்துக்கொள்கிறார். செவிலியர் குழந்தையை ஒருக்களித்து டயப்பரை மாற்றுகிறார். கூடுதலாக 2 நிமிடம் ஆகலாம். அந்த 2 நிமிடத்தைக் கொடுப்பதற்கு ஒருவர் ஏற்கெனவே மருத்துவமனைக்கு வந்து, வெளியே காத்திருக்கிறார். அவரை உள்ளே கூப்பிட வேண்டியதுதான் பாக்கி.